வினையூக்கி தன் ஆக்சிஜனையே கொடுத்துவிட்டால் அது எப்படி வினையூக்கி?

வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: புரோப்பிலீன் என்ற பெட்ரோலிய வாயுவை, அக்ரிலிக் நூலுக்கு மூலப்பொருளான அக்ரைலோநைட்ரைலாக மாற்றும் ஆலைகளில் பிஸ்மத், மாலிப்டினம், இரும்பு, கோபால்ட், நிக்கல், பொட்டாசியம் என்று ஏழெட்டு உலோகங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்து வினையூக்கியாகப் போடுகிறார்கள். வினைக்கு வேண்டிய ஆக்சிஜனை அந்த ஆக்சைடே தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. வினையூக்கி செலவாகாது என்றுதானே பள்ளியில் படித்தோம், இது செலவாகிறதே? பிளாட்டினம் மாதிரி ஒரே ஒரு நல்ல உலோகம் போதாதா, இத்தனை கலவை எதற்கு? ஒருமுறை போட்டால் எத்தனை வருடம் வரும்?

பார்க்க மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். வினையூக்கி என்றதும், நடக்காத வினையை நடத்தி வைப்பது, மெதுவாகப் போவதை விரைவாக்குவது என்றே நினைத்துக்கொள்கிறோம். இங்கே அந்தச் சிக்கலே கிடையாது. புரோப்பிலீனையும் காற்றையும் சேர்த்துச் சூடாக்கினால் வினை தானாகவே ஓடும், ஓடிப்போய் எரிந்து முடியும். ஓடுகிற வினையை நடுவழியில் நிறுத்தத் தெரிந்த பொருள்தான் நமக்கு வேண்டும். நீங்கள் கேட்டது உண்மையில் இதைத்தான்: அந்த நிறுத்தும் வேலையை ஒரு மஞ்சள் பொடி எப்படிச் செய்கிறது?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஆராய்ச்சிப் படிப்பில் ஐந்து வருடம் அந்த மஞ்சள் பொடியோடுதான், அதாவது பிஸ்மத்தும் மாலிப்டினமும் சேர்ந்த ஆக்சைடான பிஸ்மத் மாலிப்டேட்டோடுதான் கழிந்தது. அதன்பின் வெளிநாட்டில் ஓர் அக்ரிலிக் அமில ஆலையில் பதினோரு வருடம் வினையூக்கிப் பிரிவில் இருந்தேன். அக்ரைலோநைட்ரைல் ஆலையில் நான் வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றி நான் சொல்வது படித்ததும், அந்த ஆலைகளில் இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும். இரண்டும் ஒரே குடும்பத்து வினைகள் என்பதால் அடிப்படை மாறாது.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மோல் புரோப்பிலீன் முழுவதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆனால் ஏறத்தாழ 1,926 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதே புரோப்பிலீன் அக்ரோலீன் என்ற இடைப்பொருள் வரைக்கும் மட்டும் ஆக்சிஜனேற்றம் ஆனால் சுமார் 340 கிலோஜூல். அம்மோனியாவோடு சேர்ந்து அக்ரைலோநைட்ரைல் ஆனால் சுமார் 515. அதாவது நமக்கு வேண்டிய பொருள் மலைச்சரிவில் பாதி வழியில் இருக்கும் ஒரு சிறு திட்டு. கார்பன் டை ஆக்சைடுதான் அடிவாரம். எல்லாமே அடிவாரத்துக்கு உருளத்தான் பார்க்கும். வெல்லப் பாகு காய்ச்சியவர்களுக்கு இது புரியும். அடுப்பு எரிந்தால் பாகு தானாகக் காயும், கம்பிப் பதத்தில் இறக்குவதுதான் கைப்பழக்கம். கொஞ்சம் கவனம் பிசகினால் கருகிவிடும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியாகப் பதம் பார்த்து இறக்க வேண்டும், அதுவும் ஓரிரு நொடியில்.

பிளாட்டினம் ஏன் ஆகாது என்பதற்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. பிளாட்டினம் மிகத் திறமையாக எரிக்கும். கார் புகைக்குழாயில் அதை வைத்திருப்பதே எரியாமல் மிச்சம் வரும் ஹைட்ரோகார்பனை முழுதாக எரித்துத் தீர்ப்பதற்குத்தான். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பிளாட்டினத்தின் மேற்பரப்பில் அணு அணுவாகப் பிரிந்து பரவி, வருகிற மூலக்கூறை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்ளும். அங்கே போன புரோப்பிலீன் பாதியில் தப்பி வர வாய்ப்பே இல்லை. வேகம் அதிகம், அடக்கம் இல்லை. தொழிலில் இந்த அடக்கத்தைச் செலக்டிவிட்டி என்கிறோம், பாடநூல் தேர்திறன் என்கிறது. வினையில் ஈடுபட்ட நூறு புரோப்பிலீன் மூலக்கூறுகளில் எத்தனை நாம் விரும்பிய பொருளாக மாறின என்பதே அந்தக் கணக்கு.

இனி உங்கள் முதல் கேள்வி. புத்தகத்தில் படித்ததை நான் கண்ணால் பார்த்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. பென்சில் பருமனில் ஒரு குவார்ட்ஸ் குழாய், அதற்குள் குவார்ட்ஸ் பஞ்சுக்கு நடுவில் அரை கிராம் பிஸ்மத் மாலிப்டேட். நிறம் கடலை மாவு மாதிரி. குழாயைச் சுற்றி உலை, 400 டிகிரி செல்சியஸ். ஹீலியம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, காற்று துளியும் கிடையாது. அந்த ஹீலியத்தில் ஊசி வழியாகக் கொஞ்சம் புரோப்பிலீன் செலுத்தினேன். அடுத்த சில நிமிடங்களில், வெளிவரும் வாயுவில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராப்பில் அக்ரோலீன் சிகரம் ஏறி நின்றது. எங்கேயும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் ஏறிய பொருள்! மீண்டும் ஒரு ஊசி, மீண்டும் அக்ரோலீன். ஊசி போடப் போடச் சிகரம் தாழ்ந்துகொண்டே வந்தது. இருபதாவது ஊசிக்குப் பிறகு உலையைச் சற்று விலக்கிப் பார்த்தேன். மஞ்சள் பொடி வாசல் பக்கத்திலிருந்து பாசி நிறமாகி, அதற்கப்பால் சாம்பலும் கறுப்புமாக மாறியிருந்தது. பிறகு காற்றைத் திறந்துவிட்டேன். கறுப்பு விளிம்பிலிருந்து மறைய ஆரம்பித்து, கால்மணி நேரத்தில் பொடி பழைய மஞ்சளுக்கே வந்துவிட்டது. மறுபடியும் புரோப்பிலீன் செலுத்தினால் முதல் ஊசியில் வந்த அதே உயரச் சிகரம்.

அக்ரோலீன் எதுவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பஜ்ஜிக்கு வைத்த எண்ணெய் அளவு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்குமே, அந்தக் கரிப்பில் பெரும்பங்கு அக்ரோலீனுடையது. எண்ணெயிலிருக்கும் கிளிசரின் பகுதி நீரிழந்து அதுவாகிறது. ஆய்வகத்தில் ஒரு குழாய் இணைப்பு கசிந்தால் மீட்டர் சொல்வதற்கு முன்னால் கண் சொல்லிவிடும். கல்லூரியில் தனியாக முயற்சி செய்து பார்க்க வேண்டிய பொருள் இது இல்லை, நச்சு.

அந்தக் குழாயில் நடந்தது கைமாற்று. ஆக்சைடு தன் படிகக் கூட்டிலிருந்து ஓர் ஆக்சிஜனை புரோப்பிலீனுக்குக் கொடுக்கிறது, பிறகு அந்தக் காலியிடத்தைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. ஆலையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் பொடி மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே ஏதோ ஓரிடத்தில் நிலைபெற்று நிற்கும். வினையூக்கி செலவாகாது என்ற வரையறை பொய்யாகவில்லை. ஒரு முழுச் சுற்று முடிந்தபின் அது தொடங்கிய இடத்துக்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வரையறையின் பொருள். சுற்றின் நடுவில் அது மாறலாம், மாறியே ஆக வேண்டும். வினையில் கலந்துகொள்ளாமல் ஓரமாக நிற்கும் பொருள் எதையும் ஊக்க முடியாது. பள்ளியில் இடைநிலைச் சேர்மக் கொள்கை என்று ஒரு பாடம் வந்திருக்கும், இது அதன் திடப்பொருள் வடிவம். 1954இல் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ஸ், வான் கிரெவலன் இருவரும் வனேடியம் ஆக்சைடின் மேல் நாஃப்தலீன் போன்ற பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைவதை ஆராய்ந்து இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சமன்பாடாக எழுதினார்கள். இன்றும் அவர்கள் பெயராலேயே அதைச் சொல்கிறோம்.

இதில் எந்த அளவுக்கு உறுதி? ஐசோடோப்புச் சோதனைகள் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. காற்றுக்குப் பதிலாக 18 நிறையுள்ள ஆக்சிஜனைக் கொடுத்துப் பார்த்தார்கள். கைமாற்று நடக்காமல் காற்றின் ஆக்சிஜன் நேரடியாகச் சேர்ந்திருந்தால் வெளிவரும் அக்ரோலீனில் 18தான் இருந்திருக்க வேண்டும். பிஸ்மத் மாலிப்டேட்டில் ஆரம்பத்தில் வந்த அக்ரோலீனில் பெரும்பாலும் சாதாரண 16 நிறை ஆக்சிஜனே இருந்தது. 1970 வாக்கில் கியூல்க்ஸ் என்ற ஆய்வாளர் செய்த இந்த வேலை இன்னொன்றையும் காட்டியது. மேற்பரப்பில் இருக்கும் ஆக்சிஜன் மட்டும் போய்வரவில்லை, படிகத்தின் உள்ளே ஆழத்தில் இருப்பதும் நகர்ந்து மேலே வந்து சேர்கிறது. மேலே ஓர் இடம் காலியானால் அடுக்கடுக்காக உள்ளிருப்பவை நகர்ந்து கொடுக்கின்றன. காற்றின் ஆக்சிஜன் எங்கோ வேறு ஒரு வாசல் வழியாக உள்ளே நுழைகிறது. புரோப்பிலீன் தொடும் இடமும் ஆக்சிஜன் நுழையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு.

இந்தக் கைமாற்றுக்கும் அடக்கத்துக்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில், சோஹியோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள், 1950களில் இருந்த ஆராய்ச்சிக் குழு இதைத்தான் பிடித்தது. காற்று ஆக்சிஜன் கட்டுப்பாடற்றது, படிகத்தில் கட்டுண்ட ஆக்சிஜனை அளந்து கொடுக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். காலஹனும் கிராஸெல்லியும் 1963இல் அதற்கு ஒரு படம் வரைந்தார்கள். மேற்பரப்பில் ஆக்சிஜன் அணுக்கள் நெருக்கமாக வரிசை கட்டி நின்றால் வருகிற மூலக்கூறை எல்லாம் சேர்ந்து எரித்துவிடும். ஒன்றுமே இல்லாவிட்டால் வினையே நடக்காது. இரண்டு, மூன்று, நான்கு என்று சிறு சிறு குழுக்களாக, ஒரு குழுவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டு இருந்தால், மூலக்கூறு தனக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடும். இதைத் தனித்த இடங்கள் என்ற கருத்தாகச் சொல்கிறோம். ஆக்சிஜன் எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் இதோடு சேரும். இறுக்கம் அதிகமானால் கொடுக்காது, தளர்ந்திருந்தால் அள்ளிக் கொடுத்து எரித்துவிடும்.

அந்தக் குழு 1957இல் புரோப்பிலீன், அம்மோனியா, காற்று மூன்றையும் ஒரே ரியாக்டரில் பிஸ்மத் பாஸ்போமாலிப்டேட் மேல் செலுத்தி ஒரே படியில் அக்ரைலோநைட்ரைல் எடுத்தது. ஜேம்ஸ் ஐடல் பெயரில் காப்புரிமை வந்தது. 1960இல் ஓஹியோவின் லைமா ஊரில் ஆலையே ஓடத் தொடங்கிவிட்டது. கண்டுபிடிப்புக்கும் ஆலைக்கும் மூன்றே வருடம் என்பது இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. அதற்கு முன் அசிட்டிலீனையோ எத்திலீன் ஆக்சைடையோ ஹைட்ரஜன் சயனைடோடு சேர்த்துத்தான் இதைத் தயாரித்தார்கள், செலவும் ஆபத்தும் அதிகம். அவையெல்லாம் சில வருடங்களிலேயே காணாமல் போயின. இன்று உலகத்தின் அக்ரைலோநைட்ரைல் ஏறக்குறைய முழுவதும் இந்த வழியிலேயே வருகிறது. நம் வீட்டு அக்ரிலிக் ஸ்வெட்டர், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த ஹெல்மெட், நைட்ரைல் கையுறை, கார்பன் இழை எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்.

சரி, இரண்டாவது கேள்வி, ஏன் இத்தனை உலோகம். முதலில் இரண்டை மட்டும் பார்ப்போம், பிஸ்மத்தும் மாலிப்டினமும். புரோப்பிலீனில் இரட்டைப் பிணைப்புக்கு அடுத்திருக்கும் கார்பனில் மூன்று ஹைட்ரஜன் உண்டு. அவைதான் பிடி தளர்ந்தவை. அவற்றில் ஒன்றைப் பிய்க்க 370 கிலோஜூல் அளவு போதும், இரட்டைப் பிணைப்பிலேயே ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனுக்கு 460ஐ நெருங்கும். முதல் ஹைட்ரஜன் போனதும் மிச்சமிருப்பது அல்லைல். இதன் இரு முனைகளும் ஒரே மாதிரி, எது தலை எது வால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1960களில் ஆடம்ஸும் ஜென்னிங்ஸும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் வைத்தும், சாக்ட்லர் கதிரியக்கக் கார்பன் வைத்தும் இதைக் காட்டினார்கள். புரோப்பிலீனின் ஒரு முனைக் கார்பனில் அடையாளம் வைத்து அனுப்பினால், வெளிவரும் அக்ரோலீனில் அந்த அடையாளம் பாதி இந்த முனையிலும் பாதி அந்த முனையிலும் இருந்தது. நடுவில் சமச்சீரான ஒன்றைக் கடந்து வந்தால்தான் அப்படி ஆகும். முதல் ஹைட்ரஜனைப் பிய்க்கும் அந்தப் படிதான் மொத்த வினையின் வேகத்தையும் தீர்மானிக்கிறது என்பதும் அதே சோதனைகளில் தெளிவானது. இதுவரை சொன்னது உறுதியானது.

இப்போது ஒரு சின்ன ஒப்பீடு. பிஸ்மத் ஆக்சைடு மட்டும் போட்டால் புரோப்பிலீனிலிருந்து ஹைட்ரஜன் பிரிகிறது, ஆனால் பிறந்த அல்லைல்கள் ஆக்சிஜனைப் பெறாமல் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு ஹெக்ஸாடையீன் ஆகிவிடுகின்றன. மாலிப்டினம் ஆக்சைடு மட்டும் போட்டால் புரோப்பிலீன் அனேகமாக அப்படியே திரும்பி வருகிறது. ஆனால் அல்லைலை வேறு சேர்மத்தின் வழியாகத் தயாராகக் கொண்டுவந்து கொடுத்தால் அதே மாலிப்டினம் ஆக்சைடு அதை ஒழுங்காக அக்ரோலீன் ஆக்கித் தருகிறது. ஒன்றுக்குத் திறக்கத் தெரியும், மற்றதற்கு முடிக்கத் தெரியும். இரண்டும் ஒரே படிகத்தில் அருகருகே இருந்தால்தான் வேலை முழுமையாகும். கலவை எதற்கு என்பதற்கு இதைவிட நேரான விடையை நான் பார்த்ததில்லை. அம்மோனியா இருந்தால் மாலிப்டினத்தின் மேலிருக்கும் ஆக்சிஜன் சிலவற்றின் இடத்தில் நைட்ரஜன் வந்து உட்காரும், அல்லைலுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் அது போய்ச் சேரும்.

மற்றவை எல்லாம் இந்த இருவருக்குத் துணை. இரும்பு இரண்டு இணைதிறனுக்கும் மூன்றுக்கும் இடையே சுலபமாகப் போய்வரும். காற்றின் ஆக்சிஜனை உள்ளே வாங்கிப் படிகத்துக்குக் கடத்துவது பெரும்பாலும் அதன் பொறுப்பு. கைமாற்று தடையின்றிச் சுழல அதுதான் காரணம். கோபால்ட், நிக்கல் மாலிப்டேட்டுகள் அந்த இரும்புக்கு இசைவான வீடு போல, இரண்டு இணைதிறன் இரும்பு தங்கும் படிக அமைப்பும் அவற்றுடையதும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பொட்டாசியம், சீசியம் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கப்படும், மேற்பரப்பின் அமிலத்தன்மையை அடக்கி, தேவையற்ற எரிதலைக் குறைக்கும். கூடவே சேர்க்கும் சிலிக்கா வினையில் சேராது, பொடிக்கு உறுதி தருகிறது. பிஸ்மத்துக்கு மாற்றாக ஆன்டிமனியும் உண்டு. 1960களில் யுரேனியமும் ஆன்டிமனியும் கலந்த வினையூக்கி ஆலைகளில் ஓடியது. ஐம்பது அறுபது விழுக்காட்டில் தொடங்கிய விளைச்சல் இன்று எண்பதைத் தாண்டி நிற்பதற்கு இந்தத் துணைகளே காரணம்.

இனி உறுதியில்லாதவை. முதல் ஹைட்ரஜனைப் பிய்ப்பது பிஸ்மத்தோடு ஒட்டிய ஆக்சிஜன் என்றுதான் நான் படித்தேன், அப்படியேதான் மாணவர்களுக்கும் சொன்னேன். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்த கணினிக் கணக்கீடுகள், பிய்ப்பது மாலிப்டினத்தின் ஆக்சிஜன்தான், பிஸ்மத் பக்கத்திலிருந்து அதன் குணத்தை மாற்றிவிடுகிறது, அவ்வளவே என்கின்றன. எனக்கு இப்போது இரண்டாவது பக்கம் சாய்வு இருக்கிறது, ஆனால் வழக்கு முடியவில்லை. தேர்வில் எழுதினால் இரண்டையும் எழுதுங்கள். அடுத்தது, பல படிக நிலைகள் சேர்ந்திருக்கும்போது விளைச்சல் கூடுகிறது என்பது நடைமுறை உண்மை. அது ஆக்சிஜன் ஒரு படிகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடப்பதாலா, மேலே மெல்லிய பிஸ்மத் மாலிப்டேட் தோல் பரவுவதாலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நாம் எக்ஸ்-கதிரில் பார்ப்பது பெரும்பாலும் ஆறிப்போன பொடியை. 430 டிகிரியில் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போது மேலேயுள்ள ஓரிரு அணு அடுக்கு எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. இரு முகாம்களும் ஒரே பொடியை வைத்துக்கொண்டு வாதாடுவதற்குக் காரணம் அதுதான்.

தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்முறை எழுதியிருப்பதைப் பார்த்தால் சமையல் குறிப்பு போல எளிதாகத் தெரியும். பிஸ்மத் நைட்ரேட்டைக் கரைத்து, அம்மோனியம் மாலிப்டேட் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, அம்மோனியாவால் அமில அளவைச் சரிசெய்து, வடிகட்டி, உலர்த்தி, 450 முதல் 500 டிகிரியில் சுட வேண்டும். என் முதல் நாளில் பிஸ்மத் நைட்ரேட்டை வெறும் வாலைவடிநீரில் கொட்டினேன். கஞ்சித் தெளிவு போலக் கலங்கி வெள்ளையாக அடியில் படிந்துவிட்டது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில்தான் அது கரையும், தண்ணீரில் நீராற்பகுப்பாகிவிடும் என்பது பாடத்தில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. அதைவிடப் பெரிய பாடம் பிறகு வந்தது. ஒரே குறிப்பில் செய்த இரண்டு பானை, இரண்டும் மஞ்சள், எடை அளவெல்லாம் ஒன்றே, ஆனால் ஒன்று மற்றதில் பாதி வேலைதான் செய்தது. அம்மோனியாவை விடும்போது அமில அளவு ஓரலகு தள்ளிப்போயிருந்ததால் வேறு படிகம் கலந்துவிட்டது. பிஸ்மத்தும் மாலிப்டினமும் 2:3, 2:2, 2:1 என்ற விகிதங்களில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று படிகங்கள் தரும். கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒரே மஞ்சள்.

ஆலையில் இதெல்லாம் வெப்பப் பிரச்சினையாக உருமாறும். அக்ரைலோநைட்ரைலுக்கு வினையூக்கியை 50 மைக்ரோமீட்டர் அளவு உருண்டைப் பொடியாக்கி, கீழிருந்து வாயுவைச் செலுத்தி, கொதிக்கிற நீர் மாதிரிப் புரள விடுகிறார்கள். எங்கும் ஒரே வெப்பநிலை இருக்கும், நடுவில் செல்லும் குழாய்ச் சுருள்கள் வெப்பத்தை நீராவியாக எடுத்துக்கொள்ளும். கூடவே ஹைட்ரஜன் சயனைடும் அசிட்டோநைட்ரைலும் பக்க விளைபொருளாக வரும். மருந்து ஆய்வகங்களில் இருப்பவர்களுக்கு 2008-09 நினைவிருக்கும். உலகப் பொருளாதாரச் சரிவில் அக்ரைலோநைட்ரைல் உற்பத்தி குறைந்ததும், அதன் வாலாக வரும் அசிட்டோநைட்ரைல் கிடைக்காமல், அதைக் கரைப்பானாகக் கொண்டு கலவைகளைப் பிரித்தறியும் ஹெச்பிஎல்சி கருவிகள் திண்டாடின.

அக்ரிலிக் அமிலத்துக்கு வேறு ஏற்பாடு. இரண்டு கட்டம். முதலில் பிஸ்மத்–மாலிப்டினக் குடும்பத்தில் அக்ரோலீன், பிறகு மாலிப்டினம்–வனேடியம் குடும்பத்தில், அதைவிடக் குறைந்த சூட்டில், அமிலம். ஒரு அங்குலப் பருமனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் செங்குத்தாக நிற்கும், சுற்றிலும் உருகிய நைட்ரேட் உப்பு ஓடி வெப்பத்தை வாங்கும். வினையூக்கி நிரப்பும் வாரம்தான் எங்களுக்குத் திருவிழா. ஒவ்வொரு குழாயிலும் அளந்த வில்லைகளைக் கொட்டி, காற்றைச் செலுத்தி அழுத்த இழப்பை அளந்து, சரியானதற்கு ஒரு நிற மூடி, சரியில்லாததற்கு வேறு நிற மூடி போடுவோம். குனிந்தே நகர வேண்டும், மாலைக்குள் முதுகு விட்டுப்போகும். ஒரு முறை அவசரத்தில் ஒரு வரிசைக்கு, நுழைவாயில் பகுதியில் கலக்க வேண்டிய செயலற்ற பீங்கான் வில்லைகள் குறைவாகப் போய்விட்டன. ஓடத் தொடங்கிய இரண்டாம் நாள் அங்கேயிருந்த வெப்பமானி மற்றவற்றைவிட 40 டிகிரி மேலே நின்றது. சூடு கூடினால் எரிதல் கூடும், எரிதல் கூடினால் சூடு கூடும், அந்தச் சுழற்சி பிடித்துக்கொண்டால் நிறுத்துவது கடினம். புரோப்பிலீன் அளவைக் குறைத்துச் சமாளித்தோம். நான் மேலே சொன்ன அந்த மலைச்சரிவை எண்ணாகப் பார்த்தது அன்றுதான்.

இந்தியாவில் இதைப் பார்க்க வேண்டுமென்றால் கொச்சி பக்கம். அங்கே பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட வளாகத்தில் புரோப்பிலீனிலிருந்து அக்ரிலிக் அமிலமும் அதன் எஸ்டர்களும் செய்கிறார்கள், பெயின்ட் முதல் குழந்தைகளின் டயப்பர் வரை பயன்படும் சரக்கு. சென்னை மணலியில் புரோப்பிலீன் குளோரின் வழியாகப் புரோப்பிலீன் ஆக்சைடாகிறது, அங்கே இந்த மஞ்சள் பொடிக்கு வேலையில்லை. புரோப்பிலீன் போல இரட்டைப் பிணைப்புள்ள மற்ற ஹைட்ரோகார்பன்களில் (ஒலிஃபீன்கள்) ஐசோபியூட்டீனிலிருந்து மெத்தாக்ரிலிக் அமிலமும், பியூட்டீனிலிருந்து பியூட்டாடையீனும் இதே கொள்கையில் எடுக்கலாம். புரோப்பிலீனை விட்டு மலிவான புரோப்பேனிலிருந்தே தொடங்க மாலிப்டினம்–வனேடியம்–டெல்லூரியம்–நியோபியம் கலவை ஒன்று 1990களில் வந்தது, பிறகு புரோப்பேனிலிருந்து தொடங்கும் பெரிய ஆலை ஒன்று தாய்லாந்தில் எழுந்தது. ஆனால் புரோப்பேனில் தளர்ந்த ஹைட்ரஜன் இல்லை, முதல் பிய்ப்புக்கே அதிக முரட்டுத்தனம் வேண்டும். அந்த முரட்டுத்தனம் அக்ரைலோநைட்ரைலையும் விட்டுவைப்பதில்லை.

கடைசியாக, எத்தனை வருடம். எங்கள் ஆலையில் முதல் கட்ட வினையூக்கி மூன்று நான்கு வருடம் தாங்கியது. வேலைத்திறன் மெல்லக் குறையக் குறைய உப்பின் வெப்பநிலையை ஓரிரு டிகிரியாக ஏற்றிக்கொண்டே போவோம், ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றினால் எரிதல் மிஞ்சும், அப்போது மாற்றிவிடுவோம். புரளும் பொடி வகையில் ஆலையை நிறுத்தாமலே இடையிடையே புதுப்பொடி சேர்க்கிறார்கள். குறைவதற்கு முக்கியக் காரணம் மாலிப்டினம். வினையில் பிறக்கும் நீராவியோடு சேர்ந்து அது ஆவியாகும் சேர்மமாகி, சூடான இடத்திலிருந்து கிளம்பிக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படியும். நிறுத்தத்தின்போது முதல் ரியாக்டருக்கு அடுத்திருக்கும் குளிர்விப்பானைத் திறந்து டார்ச் அடித்தால், குழாய் வாய்களைச் சுற்றி வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக மெல்லிய ஊசிகள் கொத்துக் கொத்தாக மினுங்கும், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அவற்றைத் துடைத்துச் சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்வோம். நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு நிறுத்தத்திலும் அந்தத் தட்டு காலியாக இருந்ததில்லை.